பைபாஸை விட்டு இறங்குங்கள்

சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர். நால்வழிச் சாலை வந்தபின் ஒரே பகலில் போய்விட முடிகிறது. ஆனால் திண்டிவனம், விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி என்று வழியிலுள்ள ஊர்களெல்லாம் பைபாஸுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கிவிட்டன. ஊரோடு அதன் ருசியும் ஒதுங்கிவிட்டது. சாலையோரப் பெரிய உணவகங்களில் எங்கே நிறுத்தினாலும் அதே சாப்பாடுதான். வயதான அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அங்குள்ள கழிப்பறை பெரிய உதவி, அதை மறுக்கவில்லை. சாப்பிட மட்டும் ஊருக்குள் போங்கள்.

விடியுமுன் கிளம்பினால் மதுராந்தகம் பக்கம் காலை டிபன். கடை வாசலில் நிற்கும் வண்டிகளைப் பாருங்கள். உள்ளூர்க்காரர்களின் டூவீலர்கள் வரிசையாக நின்றால் நம்பி இறங்கலாம். தினமும் வருகிறவனுக்குப் பழைய சாம்பாரை ஊற்ற முடியாது. கோடையென்றால் விழுப்புரம் வரை சாலையோரம் நுங்கு கிடைக்கும், கண்ணெதிரே சீவச் சொல்லி வாங்குங்கள். உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர் தாண்டி, மதியச் சாப்பாட்டுக்குத் திருச்சி. மதுரையில் வெயில் தாழும்வரை ஒரு ஜிகர்தண்டா போதும். வயிற்றில் இடம் வேண்டும், அடுத்து விருதுநகர்.

விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவுக்குச் சாயங்காலம்தான் நேரம். குழிவான பெரிய கல்லில் எண்ணெய் நிற்க, பரோட்டா அதில் மிதந்து பொரியும். ஓரம் மொறுமொறுவென்றும் நடு மெத்தென்றும் இருக்கும்போது பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவை ஊற்ற வேண்டும். பிள்ளைகள் சால்னா இல்லாமலே முறுக்குப்போல் கடித்துத் தின்பார்கள். பெரியவர்களுக்கு ஒன்றே கனம். இந்தச் சாலையில் ஒரே இடத்தில்தான் நிறுத்த முடியுமென்றால் நான் இங்கேதான் நிறுத்துவேன்.

சாத்தூரில் காராச்சேவும் வெள்ளரிக்காயும் வாங்கிக்கொள்ளுங்கள். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசல் மண் நிலக்கடலை, வெல்லப்பாகு, மேலே வண்ணத் தேங்காய்ப்பூ. காரில் நெடுநேரம் உட்கார்ந்து சலித்த பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தீனி எனக்குத் தெரியாது.

திருநெல்வேலியில் பொழுது சாய்ந்திருக்கும். நெல்லையப்பர் கோவில் பக்கம் போய் அல்வாவைச் சூடாகக் கேளுங்கள். சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டியது. பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துப்போவது வேறு, நின்ற இடத்தில் சுடச்சுட வழுக்கிக்கொண்டு உள்ளே போவது வேறு. நாகர்கோவிலில் நேந்திரங்காய் சிப்ஸும், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப்பழமும் உண்டு. விரலளவுப் பழம், குழந்தைக்கு உரித்துக் கொடுக்க ஏற்றது.

இப்படிப் போனால் பயணம் இரண்டு மூன்று மணி நேரம் நீளும். கன்னியாகுமரியில் அறை எடுக்கும்போதே இரவு தாமதமாகத்தான் வருவோம் என்று சொல்லிவிடுங்கள்.