தியவன்னா ஏரிக்கரையில் வாடகைக் குடித்தனம்

தொழிலுக்காகவும் கல்விக்காகவும் கொழும்புக்கு வரும் நம்மவர்கள், வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் வீடு தேடிக் களைத்தபின் கிழக்கே கோட்டே நகரை நோக்குவதுண்டு. நாமும் அவ்வாறு சென்று, தியவன்னா ஏரிக்கு அணித்தாய் ஒரு வீட்டின் பின்பகுதியில் வாடகைக்குக் குடியிருந்தோம்.

இது பழம்பெரும் நகராகும். 15 ஆம் நூற்றாண்டில் ஆறாம் பராக்கிரமபாகு இங்கிருந்து அரசு செலுத்தினான். யாழ்ப்பாண இராச்சியத்தை வென்ற செண்பகப் பெருமாள் படைநடத்திச் சென்றதும் இவ்வரசனின் ஏவலினாலேயே. நகரைச் சூழ்ந்திருந்த சதுப்பு நிலமும் நீரோடைகளும் மதிலுக்குத் துணையாய்ப் பகைவரைத் தடுத்தன. 1565 இல் போர்த்துக்கேயர் இந்நகரைக் கைவிட்டுக் கொழும்புக்குப் பெயர்ந்தனர். மதிலினதும் அகழியினதும் எச்சங்களை இன்றும் காணலாம்.

சதுப்பை அகழ்ந்து ஏரியாக்கி, அதன் நடுவே ஜெப்ரி பாவா வரைந்த பாராளுமன்றக் கட்டடம் 1982 இல் திறந்துவைக்கப்பட்டது. அதன்பின் அரச அலுவலகங்கள் பலவும் அண்டை ஊரான பத்தரமுல்லைக்கு வந்தன. பரீட்சைத் திணைக்களம் பெலவத்தையில் இருப்பதை மாணவர் அறிவர். கொள்ளுப்பிட்டியிலிருந்து கடுவெலைக்குச் செல்லும் 177 ஆம் இலக்க பஸ் இராஜகிரியவையும் பத்தரமுல்லையையும் தொட்டுச் செல்கிறது.

ஏரிக்கரை வாழ்வின் இன்பம் காலையில்தான் முழுமையாய்த் தெரியும். கூழைக்கடாவும் நீர்க்காகமும் நீரில் இரைதேட, முதியோர் கரையோர நடைபாதையில் உலாவுவர். கபரக்கொய்யா வேலியருகே ஊர்ந்து சென்றால் ஊரார் எவரும் வியப்பதில்லை. முதலையுள்ள நீராகையால் பிள்ளைகளைக் கரையில் தனியே விடலாகாது.

ஆயினும் வாடகைக்கு வீடு பார்ப்போர் அழகில் மயங்கி முற்பணம் கொடுத்துவிடலாகாது. தரகர் சுவரின் புதுப்பூச்சைக் காட்டுவார். நாமோ அச்சுவரின் அடியை நோக்கவேண்டும். 2010 நவம்பரில் பெய்த பெருமழையில் பாராளுமன்ற வளவே வெள்ளத்தில் மூழ்கியது. அந்நாளில் தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது என்று அயலவரிடம் வினவுதல் நலம். வீதியைவிடத் தாழ்ந்த வளவா, மண்ணிட்டு நிரப்பிய நிலமா, வடிகான் எங்கே சென்று சேர்கிறது என்பவற்றையும் அறிதல் வேண்டும். மழைநாளில் ஒருமுறை சென்று பார்ப்பது எல்லாவற்றிலும் மேல். நீர், மின்சாரக் கட்டணங்களை யார் செலுத்துவது, முற்பணம் எப்போது மீளும் என்பவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்க.

சதுப்பை வெறுநிலமென்று எண்ணுவோர் பலர். மழைநீரை ஏந்தி, மெல்ல மெல்ல வடியவிடும் பாத்திரம் அது. ஒரு வளவை நிரப்பினால் அங்கு தங்கவேண்டிய நீர் அடுத்த வளவுக்குள் புகும். 2018 இல் கொழும்பு ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றமை நமக்குப் பெருமையே. ஆனால் அங்கீகாரம் மட்டும் வெள்ளத்தைத் தடுத்துவிடாது.

வாடகைக் குடியினர் இன்றிருந்து நாளை பெயர்வோர்தாம். எனினும் இருக்கும்வரை குப்பையை ஓடையில் எறியாதிருப்பதும், சதுப்பின் பயனைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுப்பதும் நம் கடனாகும். அன்று அரசனின் நகரைக் காத்த சதுப்புத்தான் இன்று வாடகைக் குடியினரின் அடுப்படியையும் நனையாமற் காக்கின்றது.