இன்னொரு தடவை அமுக்கட்டுமா?

செவ்வாய் மாலை, பிரவுசிங் சென்டர். பக்கத்து நாற்காலியில் கல்லூரி விண்ணப்பம் போட வந்த பெண். சப்மிட் அமுக்கிவிட்டாள். திரையில் வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. "அண்ணா, இன்னொரு தடவை அமுக்கட்டுமா?" கடைக்காரர் அங்கிருந்தே, "வேணாம்மா, காசு ரெண்டு தடவை போயிடும்" என்றார். அவள் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஏழெட்டு நிமிடம் அப்படியே இருந்தாள். இணையப் படிவங்களுக்கு நிரல் எழுதிப் பிழைக்கிறவன் நான். அந்தக் கையைப் பார்க்கப் பொறுக்கவில்லை. எத்தனை தடவை அமுக்கினாலும் ஒரே விண்ணப்பமாகப் பதிவது படிவத்தின் பொறுப்பு. அந்தக் கவலை அவளுக்கு எதற்கு?

*

அமுக்கியதும் பட்டனை முடக்கிவிடுவது நல்ல பழக்கம். ஆனால் அது வாசற்கதவின் கொக்கி மாதிரிதான். பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்தால் பட்டனுக்கு உயிர் வந்துவிடும். நடுவில் நெட் போனால் பட்டன் முடங்கியே கிடக்கும், அது இன்னும் மோசம்.

*

ரிஃப்ரெஷ் பழைய வியாதி. போஸ்ட் முறையில் வந்த படிவத்துக்குப் பதிலாக நன்றிப் பக்கத்தை நேரே அனுப்பினால், எஃப்5 அமுக்கும்போது பிரவுசர் படிவத்தையே மறுபடி அனுப்பப் பார்க்கும். பதிந்தவுடன் 303 என்ற எண்ணோடு வேறு முகவரிக்குத் திருப்பிவிட வேண்டும். 1997இல் எச்டிடிபி 1.1 வரையறையோடு வந்த எண் அது. அதன்பின் ரிஃப்ரெஷ் செய்தால் ரசீதுப் பக்கம் மட்டும்தான் திரும்ப வரும்.

*

பூட்டு இருக்க வேண்டிய இடம் சர்வர். படிவம் திறக்கும்போதே மறைவாக ஒரு டோக்கன் கொடுத்துவிட வேண்டும். ஏற்கெனவே பார்த்த டோக்கன் மறுபடி வந்தால் புதிதாக எதையும் எழுதக்கூடாது, பழைய ரசீதையே காட்ட வேண்டும். "ஏற்கெனவே விண்ணப்பித்துவிட்டீர்கள்" என்று சிவப்பில் விரட்டக்கூடாது. அவளுக்கு வேண்டியது விண்ணப்ப எண்.

போன வருடம் நான் தவறிய இடமும் இதுதான். 'இந்த டோக்கன் இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் எழுது' என்று எழுதியிருந்தேன். விளைவு, விண்ணப்பப் பட்டியலில் ஒரே பெயர் இரண்டு வரியில், அடுத்தடுத்த எண்ணில், ஒரே நொடியில். இரண்டு கோரிக்கையும் ஒன்றாக வந்து பார்த்திருக்கின்றன, இரண்டுக்கும் 'இல்லை' என்றே பதில் கிடைத்திருக்கிறது. டோக்கன் நெடுவரிசைக்கு டேட்டாபேஸிலேயே யூனிக் கட்டுப்பாடு போட்ட பிறகுதான் நின்றது.

டோக்கனைப் பக்கத்தோடு கட்டினாலும் போதாது. பக்கத்தைப் புதிதாகத் திறந்தால் புது டோக்கன் வந்துவிடும். விண்ணப்பிப்பவரின் சேமித்த வரைவோடு கட்ட வேண்டும்.

*

எங்கள் படிவம் பற்றிய கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: "ஒரு மொபைல் நம்பருக்கு ஒரு விண்ணப்பம்னு வெச்சுட்டா முடிஞ்சுதே." முடியாது. வீட்டுக்கு ஒரே போன் என்று எத்தனை குடும்பம் இருக்கிறது! அக்கா பதிந்த எண்ணில் தங்கை வந்தால் கதவைச் சாத்துவோமா? ஐபி முகவரியும் ஆகாது. சென்டரில் பத்துப் பேருக்கும் வெளியே தெரிவது ஒன்றே. ஆளுக்கு ஒன்று என்ற விதி வேண்டுமானால் பிளஸ் 2 பதிவெண்ணை வைக்கலாம்.

*

பணம். ஸ்ட்ரைப் போன்ற கட்டணச் சேவைகளில் கோரிக்கையோடு ஒரு தனிச் சாவியை அனுப்பலாம். அதே சாவி மறுபடி வந்தால் முதல் முடிவையே தரும், இரண்டாவது முறை பிடிக்காது. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, யுபிஐயில் ஒரு நிறுவனத்துக்குக் கட்டிய பணம் கணக்கில் பிடிக்கப்பட்டும் அங்கே உறுதியாகாவிட்டால் ஐந்து நாளுக்குள் திரும்ப வேண்டும், தாமதித்தால் நாளுக்கு ரூ.100. ஆனால் அது தோற்ற பரிவர்த்தனைக்கு. இரண்டு தடவையும் போய்ச் சேர்ந்துவிட்டால் வங்கியின் கணக்கில் பிழையே இல்லை. படிவம் வைத்தவர்தான் திருப்பித் தர வேண்டும்.

*

கடைசியில் அந்தப் பெண்ணின் திரையில் பிழை வந்தது. கடைக்காரர் அவள் போனை வாங்கி வங்கி எஸ்எம்எஸ் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. "இப்ப அமுக்கும்மா." எண் வந்தது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, அதையும் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

*

எங்கள் படிவத்தில் வட்டத்துக்குக் கீழே போட வேண்டிய வரி: "நெட் போனால் பயப்பட வேண்டாம், மறுபடி அமுக்கலாம். பணம் ஒரு தடவைதான் போகும்." கட்டணப் பக்கத்தில் சாவி வேலை பாக்கி இருக்கிறது. அது முடிந்து, நெட்டைப் பிடுங்கிவிட்டுச் சோதித்த பிறகே போட வேண்டும்.