முல்லைத்தீவு: கோட்டையும் கடலும்

இங்கிலாந்தின் கரையோர நகரான பிறைற்றனுக்குச் செல்வோர் அங்குள்ள பெருங் குவிமாடத்தைக் காணாது திரும்புவதில்லை. முடிக்குரிய இளவரசனாயிருந்த ஜோர்ஜ் தன் குதிரைகளுக்கென 1803ஆம் ஆண்டிற் கட்டத் தொடங்கிய இலாயமே அது. அதே ஆண்டில் அவனுடைய தந்தையின் படையினர் இலங்கையின் கீழைக் கரையிலிருந்த சிறு கோட்டையொன்றைக் கைவிட்டு, படகேறி யாழ்ப்பாணத்துக்கு ஓடினர். அது முல்லைத்தீவுக் கோட்டை. இலாயம் இன்றும் நிற்கின்றது. கோட்டையோ பெயரளவிலே மட்டும் வாழ்கின்றது.

ஒல்லாந்தர் கட்டி, பின்னர் ஆங்கிலேயர் வசமான அக்கோட்டையைப் பண்டாரவன்னியன் கைப்பற்றியது 1803 ஓகஸ்ட் 25இல் ஆகும். அன்று ஓடிய கப்டன் வொன் டிறிபேர்க், ஒற்றோபர் 31இல் கற்சிலைமடுவில் வன்னியனைத் தோற்கடித்தான். அவ்விடத்தில் ஆங்கிலேயர் நாட்டிய நினைவுக்கல் தோல்வியைக் கூறிற்றேயன்றி மரணத்தைக் கூறவில்லை. எனினும், அந்நாளையே வன்னியன் வீழ்ந்த நாளாகக் கொள்ளும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. வென்றவன் பொறித்த தேதியைத் தோற்றவனின் மக்கள் நினைவுநாளாக்கியமை விந்தையே! ஓகஸ்ட் 25ஐ வெற்றிநாளாகக் கொண்டாடும் இன்றைய வழக்கம் இதனினும் பொருத்தமானது எனலாம்.

கிழக்கே பெருங்கடல், மேற்கே நந்திக்கடல். இரண்டு நீர்ப்பரப்புகளுக்கிடையே ஒடுங்கிக் கிடக்கும் மணற்பட்டியே இந்நகரின் நிலம். கரைவலைக்கு வாய்ப்பளித்த அவ்வமைப்பே 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலைக்கும் வழிவிட்டது. புனித இராயப்பர் ஆலயமும் அதற்குத் தப்பவில்லை. அதற்குமுன், 1996 யூலையில் இங்கிருந்த இராணுவ முகாம் புலிகளிடம் வீழ்ந்தது. 2009 சனவரியில் நகர் மீண்டும் இராணுவத்தின் கைக்கு மாறியது.

வட்டுவாகற் பாலத்தைப் பிற நகரங்களின் காட்சிப் பொருள்களோடு வைத்தெண்ண இயலாது. அகலங்குறைந்த அப்பாலத்தின் வழியாகவே 2009 மே மாதத்தில், முள்ளிவாய்க்காலிலிருந்து எஞ்சியோர் காயப்பட்டாரையும் முதியோரையும் தாங்கி வந்தனர். வராதோர் எத்தனை பேர் என்ற கணக்கு இன்றும் முடியவில்லை. 40,000 குடிமக்கள் வரை இறந்திருக்கலாமென்பதை மறுக்கவியலாதென ஐக்கிய நாடுகள் பொதுச் செயலாளரின் நிபுணர் குழு 2011இல் எழுதிற்று.

அந்நந்திக்கடலின் கரையிலேதான் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலும் உள்ளது. மதுரையை எரித்த கண்ணகி மூதாட்டியாய் இங்கு வந்தாளென்றும், மாடு மேய்த்த சிறுவர் எண்ணெய் இல்லாமையாற் கடல்நீரில் விளக்கேற்றினரென்றும் ஐதிகம் கூறும். வைகாசிப் பொங்கலுக்கு இன்றும் கடலிலிருந்து நீர் எடுத்து வரப்படுகின்றது. அந்த உப்புநீரிலேயே விளக்கு எரிவதாக அடியார் நம்புகின்றனர்.