ரசீது கேட்கக் கூச்சமா?

சீட்டுப் பணத்தோடு யாராவது ஓடிவிட்டதாகப் பேப்பரில் வந்தால், "பேராசைதான் காரணம்" என்று நம் வீட்டு ஆண்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கென்னவோ அது முழுக்கச் சரியாகப் படவில்லை.

எங்கள் தெருவில் தீபாவளிச் சீட்டு நடத்திய அம்மாள், யார் வீட்டில் பிரசவம் என்றாலும் முதல் ஆளாக நிற்பவர். இரண்டு வருஷம் சொன்னபடி பட்டாசும் பலகாரமும் வெள்ளிக்காசும் வந்தன. அப்படிப்பட்டவரிடம், "ரசீது கொடுங்க அக்கா" என்று எப்படி வாய்விட்டுக் கேட்பது? மூன்றாம் வருஷம் ஐப்பசி பிறக்குமுன் வீடு பூட்டிக் கிடந்தது.

கொடுமை என்ன தெரியுமா? பாதிப் பேர் போலீஸுக்கே போகவில்லை. கட்டியது சிறுவாட்டுப் பணமாச்சே! பால் கணக்கிலும் காய்கறியிலும் மிச்சம் பிடித்தது. புகார் கொடுத்தால் முதலில் வீட்டில் பதில் சொல்ல வேண்டும். ஏமாற்றுகிறவர்களுக்கு இந்தப் பயம்தான் மூலதனம்.

"மாசம் நூற்றுக்குப் பத்து வட்டி" என்பவர்களும் இதே ரகம்தான். லட்ச ரூபாய்க்கு வருஷ வட்டி மட்டும் 1,20,000! எந்த வியாபாரத்தில் வரும்? பின்னால் சேருகிறவர் பணத்தை முன்னால் சேர்ந்தவருக்குக் கொடுக்கிறார்கள். வாங்கியவர் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்ல, கூட்டம் சேருகிறது.

சீட்டே கூடாது என்று சொல்லவில்லை. 1982-ஆம் வருஷத்துச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று கேளுங்கள். ஒப்பந்த நகலை வாங்கி வையுங்கள். டெபாசிட் வாங்கி மோசம் செய்தவர்களின் சொத்தை முடக்க, தமிழ்நாட்டில் 1997-லேயே சட்டம் வந்துவிட்டது. பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம். வீட்டுக்காரர் திட்டுவார்தான். திட்டட்டும், ஸ்டேஷனுக்குத் துணைக்கு வரப்போவதும் அவர்தானே!