துருக்கி பார்க்காத துருக்கியர்கள்

அர்ஜென்டினாவில் 1989 முதல் 1999 வரை அதிபராக இருந்த கார்லோஸ் மெனெமுக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் 'எல் துர்க்கோ'. ஸ்பானிய மொழியில் 'துருக்கிக்காரர்'. அவருடைய பெற்றோரின் பூர்வீகமோ சிரியாவின் யப்ரூத்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து லெபனான் மலை, சிரியா, பெத்லகேம் பகுதிகளின் அரபு மக்கள் லத்தீன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். அவர்களுடைய ஊர்களெல்லாம் அப்போது உஸ்மானிய சுல்தானின் ஆட்சியில் இருந்ததால், கையிலிருந்த பத்திரமும் சுல்தானுடையது. அந்தப் பத்திரத்தைப் பார்த்துத்தான் வந்திறங்கிய நாடுகளில் அவர்களைத் 'துர்க்கோ' ஆக்கினார்கள். இதில் ஒரு வினோதம்: 1909இல் கிறிஸ்தவர்களுக்கும் கட்டாய ராணுவச் சேவை வந்ததும், அதற்குத் தப்பி ஓடிவந்த இளைஞர்கள் பலர். யாருக்குப் பயந்து ஓடினார்களோ அவர் பெயரே நெற்றியில் ஒட்டிக்கொண்டது. 1922இல் சுல்தானியம் ஒழிந்தது. பட்டம் ஒழியவில்லை.

துணி, ஊசி, நூல், சீப்பு என்று மூட்டை கட்டி வீடு வீடாகத் தவணைக்கு விற்றுப் பிழைத்தார்கள். பிறகு கடை, பிறகு ஆலை. அவர்களைப் பற்றி அங்கே ஒரு கேலி உண்டு: வந்திறங்கும்போது துருக்கியர், கடை வைத்தால் சிரியர், பணம் சேர்ந்துவிட்டால் லெபனானியர். கார்சியா மார்க்கேஸ் 1967இல் வெளியிட்ட 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலிலும் துருக்கியர் தெரு ஒன்று உண்டு. அங்கே கடை போட்டிருப்பவர்கள் அரபுகள்தான்.

தமிழர்கள் இதைப் பார்த்துச் சிரிக்க முடியாது. துருக்கர் என்பது இங்கே 'துலுக்கர்' ஆகி, துருக்கியோடு சம்பந்தமே இல்லாத முஸ்லிம்கள் மேலெல்லாம் ஏறியது. போதாதென்று, மெக்சிகோவிலிருந்து வந்த பூவுக்கும் துலுக்கச் சாமந்தி என்று பெயர் வைத்தாயிற்று. இரண்டு சொல்லிலும் சொல்பவரின் குரலைப் பொறுத்தே பொருள் மாறும். நண்பர்கள் 'துர்க்கோ' என்றால் செல்லம்; கோபத்தில் வந்தால் வசை. 'துலுக்கர்' இன்று பெரும்பாலும் வசையாகவே காதில் விழுவதால், யோசித்துப் பேசுபவர்கள் அதைத் தவிர்க்கிறார்கள்.

மறுபடி துர்க்கோக்களிடம் வருவோம். எல் சால்வடோரில் 2004 அதிபர் தேர்தலில் முதல் இரண்டு இடங்களைப் பிடித்த இருவருமே பாலஸ்தீன வம்சாவளி: வலதுசாரி அந்தோனியோ சாக்கா, முன்னாள் கெரில்லாத் தளபதி ஷாஃபிக் ஹந்தால். கொள்கையில் இருவரும் எதிரெதிர் துருவம். சாக்கா ஜெயித்தார். ஹந்தால் ஜெயித்திருந்தாலும் நாட்டை ஆளப்போவது ஒரு 'துர்க்கோ'தான்.