கையுறைக்குக் கிடைக்காத புள்ளி

கற்பனை அணிக்குப் பதினொரு பேரைத் தெரிவு செய்கிறவர்கள் பெரும்பாலும் கடைசியாக நிரப்பும் இடம் விக்கெட் காப்பாளருடையது. ஆரம்பத் துடுப்பாட்டக்காரர் யார், கடைசி ஓவர்களை வீசப்போவது யார் என்று நெடுநேரம் யோசித்துவிட்டு, கீப்பருக்கு வாய்க்கு வந்த ஒரு பெயரைப் போட்டு முடித்துவிடுவார்கள். ஆனால் அணியில் வேறு எந்த இடத்தையும்விடக் கவனமாக அளக்கவேண்டிய இடம் இதுதான். காப்பாளர் இரண்டு வேலை செய்கிறவர். புள்ளிக் கணக்கோ அவற்றில் ஒன்றைத்தான் ஒழுங்காகப் பார்க்கிறது.

இந்த ஆட்டத்தின் மூலம் அமெரிக்கா. ஓக்லண்ட் ரைடர்ஸ் என்ற அமெரிக்கக் காற்பந்து அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக், 1962இல் நியூயோர்க் ஹோட்டல் ஒன்றில் நண்பர்களோடு உட்கார்ந்து இதன் விதிகளை எழுதினார். அடுத்த ஆண்டு ஓக்லண்டில் முதல் தெரிவு நடந்தது. உண்மையான வீரர்களை ஆளுக்கொருவராக முறைவைத்துப் பிரித்துக்கொள்வது, அவர்கள் களத்தில் செய்வதைப் புள்ளியாக்குவது, கூட்டிப் பார்ப்பது: ஆட்டம் இவ்வளவுதான். முறைவைத்துப் பிரிக்கும் அந்தக் கட்டத்துக்கு ட்ராஃப்ட் என்று பெயர். ஒருவர் எடுத்த வீரரை இன்னொருவர் எடுக்க முடியாது.

இலங்கையின் ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் இதற்கு விளக்கமே தேவையில்லை. பதினான்கு பிள்ளைகள் கூடினால் இரண்டு பேர் தலைவர்களாகி, காசு சுண்டி, மாறி மாறி ஆள் பிரிப்பார்கள். விங்கன்பாக்கின் ட்ராஃப்டும் இந்த ஆள் பிரிப்பும் ஒன்றுதான். கொஸ்லாந்தைப் பக்கத்து மீரியபெத்த என்ற பெயரை, 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை தொழிலாளர் குடியிருப்பான லயங்களின் மேல் சரிந்த மலையோடு சேர்த்தே நாடு நினைவில் வைத்திருக்கிறது. அதற்கு முந்திய எத்தனையோ மாலைகளில் அந்தச் சரிவில் பிள்ளைகள் ஆள் பிரித்துப் பந்தடித்ததும் அந்தப் பெயருக்குள் இருக்கிறது.

அமெரிக்கக் காற்பந்தில் விக்கெட் காப்பாளருக்கு மிக நெருங்கிய ஆள் டைட் எண்ட். முன்வரிசையின் ஓரத்தில் நிற்பவர். எதிரணியினரை உடம்பால் மறித்துத் தன் அணிக்காரர் ஓட வழி திறப்பது ஒரு வேலை, தானே ஓடிப்போய் எறியப்படும் பந்தைப் பிடிப்பது மற்ற வேலை. கற்பனை ஆட்டம் பிடித்த பந்துக்கும் கடந்த தூரத்துக்கும் புள்ளி தருகிறது, மறித்ததற்கு ஒன்றும் இல்லை. ஒரு டைட் எண்ட் அழகாக மறித்து வழி திறந்தால், அந்தத் தூரம் பந்தோடு ஓடியவரின் கணக்கில் ஏறுகிறது.

காப்பாளரின் நிலையும் அதுதான். தோட்டத்து மைதானங்களில் சமதரை குறைவு. பாடசாலை முற்றமோ, தொழிற்சாலைக்குப் பக்கத்தில் வெட்டிச் சமப்படுத்திய துண்டோதான் மைதானம், அதன் ஓரம் முடிந்தால் சரிவு. மென்பந்து ஆட்டத்தில் கீப்பரைத் தாண்டிய பந்து தேயிலைச் செடிகளுக்குள் உருண்டு இறங்கினால், எடுத்து வருவதற்குள் எதிரணி ஓடி முடித்துவிடும். பந்தும் தொலைந்துவிட்டால் ஆட்டமே முடிந்தது. அங்கே, பிடி ஒன்றும் எடுக்காவிட்டாலும் ஒரு பந்தையும் விடாதவனே நல்ல கீப்பர். கற்பனை அணியில் அந்த வேலைக்குப் பெறுமதி பூச்சியம். தடுத்த உதிரி ஓட்டங்களுக்குப் புள்ளி கிடையாது.

2008இல் தொடங்கப்பட்ட இந்தியக் கற்பனை ஆட்டத் தளமான ட்ரீம்11, 2020களின் தொடக்கத்தில் இருபது ஓவர் ஆட்டங்களுக்குப் பயன்படுத்திய கணக்கில் ஓர் ஓட்டத்துக்கு 1 புள்ளி, பிடிக்கு 8, ஸ்டம்பிங்குக்கு 12, பந்துவீச்சாளர் வீழ்த்தும் விக்கெட்டுக்கு 25. நான்கு, ஆறு ஓட்டங்களுக்கும் முப்பது, ஐம்பதைத் தாண்டுவதற்கும் மேலதிகப் புள்ளிகள் இருந்தன. கற்பனை அணிக்குத் தலைவராகக் குறித்தவருக்குக் கிடைப்பது இரட்டிப்பானது. 2025 ஓகஸ்டில் இந்தியா பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்ததும் அந்த நிறுவனம் பணப்போட்டிகளை நிறுத்தியது. அது நல்லதே. கூலிக்காசு பணயமாக இல்லாதபோதுதான் மனிதர்கள் வீரர்களை நிதானமாக அளக்கிறார்கள்.

இந்த அளவுகோலைப் பெயர்பெற்ற மூன்று காப்பாளர்களின் ஒருநாள் போட்டிகளுக்கு மேல் வைத்துப் பார்க்கலாம். மேலதிகப் புள்ளிகளை விட்டுவிட்டு, ஓட்டத்தையும் கையுறையையும் மட்டும் கணக்கிட்டால் போதும். மகேந்திர சிங் தோனி 350 போட்டிகளில் 10,773 ஓட்டங்கள், 321 பிடிகள், 123 ஸ்டம்பிங்குகள். குமார் சங்கக்கார 404 போட்டிகளில் 14,234 ஓட்டங்கள், காப்பாளராக 383 பிடிகள், 99 ஸ்டம்பிங்குகள். 1996 உலகக் கிண்ணத்தை வென்ற அணியின் ரொமேஷ் களுவிதாரண 189 போட்டிகளில் 3,711 ஓட்டங்கள், 131 பிடிகள், 75 ஸ்டம்பிங்குகள். கையுறையால் மட்டும் ஒரு போட்டிக்குத் தோனிக்கு ஏறத்தாழ 11.6 புள்ளி, சங்கக்காரவுக்கு 10.5, களுவிதாரணவுக்கு 10.3. மூவருக்கும் இடையே ஒரு புள்ளிக்குச் சற்றே கூடுதலான வித்தியாசந்தான். துடுப்பால் வருவதோ தோனிக்கு 31, சங்கக்காரவுக்கு 35, களுவிதாரணவுக்கு 20.

ஆக, மிகச் சிறந்த காப்பாளர்களிடையேகூடக் கையுறைப் புள்ளி கிட்டத்தட்ட ஒரே அளவாக வருகிறது. பிரித்துக் காட்டுவது துடுப்புத்தான். கற்பனை அணிக்குக் கீப்பரைத் தேடுகிறவர் உண்மையில் தேடவேண்டியது, கீப்பர் பட்டியலில் பெயர் இருக்கும் ஒரு நல்ல துடுப்பாட்டக்காரரை. முதலில் கேட்கவேண்டியது எத்தனையாம் இலக்கத்தில் இறங்குகிறார் என்பது. இருபது ஓவர் ஆட்டத்தில் ஆரம்பக்காரராக வந்து 4 நான்குகள், 2 ஆறுகளோடு 40 ஓட்டம் எடுப்பவருக்கு 52 புள்ளி சேரும். ஏழாம் இலக்கத்தில் இறங்கி ஒரு நான்கோடு 9 ஓட்டம் எடுப்பவர் அந்தப் புள்ளியைத் தொடவேண்டுமானால் ஏறத்தாழ ஐந்து பிடிகள் பிடிக்கவேண்டும். அப்படிப்பட்ட நாள் ஒரு காப்பாளரின் வாழ்வில் எத்தனை தடவை வரும்?

துடுப்புக்கு அடுத்ததாகப் பார்க்கவேண்டியது அவருக்கு முன்னால் யார் பந்து வீசுகிறார்கள் என்பதை. களுவிதாரண ஆட்டமிழக்கச் செய்த 206 பேரில் 75 பேர், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஸ்டம்பிங் ஆனவர்கள். சங்கக்காரவுக்கு அது ஐந்தில் ஒன்று. களுவிதாரணவின் கைவேகம் ஒரு காரணம். முரளிதரனும் ஜயசூரியவும் தர்மசேனவும் அரவிந்த டி சில்வாவும் ஓவர்களைப் பகிர்ந்துகொண்ட அணியில் அவர் ஸ்டம்புகளை ஒட்டி நின்றது இன்னொரு காரணம். சுழல் எடுக்கும் ஆடுகளம், மூன்று சுழற்பந்து வீச்சாளர்கள், முன்னேறி வந்து அடிக்கும் எதிரணி என்று மூன்றும் சேர்ந்தால் கையுறைக்குச் சில புள்ளி கூடும். துடுப்பில் சமமான இருவருக்கிடையே தீர்மானிக்க அது உதவும், அதற்கு மேல் அதை நம்பக்கூடாது.

புள்ளிக் கணக்கு தவறவிடுவதன் அளவைக் காட்ட இலங்கைக் கிரிக்கெட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. சங்கக்கார காப்பாளராக ஆடிய 48 டெஸ்ட் போட்டிகளில் அவருடைய துடுப்பாட்டச் சராசரி 40.48. கையுறையைக் கழற்றிவிட்டு ஆடிய 86 போட்டிகளில் 66.78. கையுறையை வாங்கிக்கொண்டவர் பிரசன்ன ஜயவர்தன. 2006 ஜூலையில் தென்னாபிரிக்காவுக்கு எதிராகக் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் சங்கக்காரவும் மஹேல ஜயவர்தனவும் 624 ஓட்டங்கள் சேர்த்த போட்டியில் ஸ்டம்புகளுக்குப் பின்னால் நின்றவர் பிரசன்னதான். சங்கக்காரவின் சராசரி உயர்ந்ததற்கு வயதும் பக்குவமும் காரணமாக இருக்கலாம். ஆனாலும் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தவர் மறுபடி மூன்றாம் இலக்கத்தில் இறங்கவேண்டிய பாரத்தைப் பிரசன்ன தன் தோளில் வாங்கிக்கொண்டார் என்பதை மறுக்க முடியாது. எந்தக் கற்பனை ஆட்டமும் அவருக்கு அதற்காக ஒரு புள்ளி தராது. அவருடைய உழைப்பின் விளைச்சல் சங்கக்காரவின் பெயருக்கு எதிரே எழுதப்பட்டிருக்கிறது. கற்பனை அணிக்கு அவரைத் தெரிவு செய்யவேண்டாம் என்று கணக்கு சொல்லும், அது சரியும்தான். அவர் சிறந்த காப்பாளர் என்பது அதைவிடப் பெரிய உண்மை.

அடுத்தது பஞ்சத்தின் கணக்கு, அதாவது ஓர் இடத்துக்கு நல்ல ஆட்கள் எவ்வளவு குறைவு என்பது. டைட் எண்ட் பற்றிய விவாதங்கள் முழுக்க இதைச் சுற்றியே நடக்கின்றன. ஒரு பிடிக்கு 1, பத்து யார் தூரத்துக்கு 1, பந்தோடு இறுதி எல்லையை எட்டும் டச்டவுனுக்கு 6 என்ற பரவலான விதியில், 2022 பருவத்தில் கன்சாஸ் சிட்டியின் ட்ராவிஸ் கெல்ஸி 110 பிடிகள், 1,338 யார்கள், 12 டச்டவுன்களோடு ஏறத்தாழ 316 புள்ளிகள் சேர்த்தார். அவருக்கு அடுத்து வந்த ரி.ஜே. ஹொக்கன்சனுக்கு 86 பிடிகள், 914 யார்கள், 6 டச்டவுன்கள், ஏறத்தாழ 213. முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் நூறு புள்ளிக்கு மேல் இடைவெளி, பதினேழு ஆட்டங்களில் ஆட்டத்துக்கு ஆறு புள்ளி. வேறு இடங்களில் கெல்ஸியைவிடக் கூடுதலாகப் புள்ளி எடுத்தவர்கள் இருந்தார்கள், ஆனால் அவர்களை விட்டால் கிட்டத்தட்ட அதே அளவு எடுக்கும் இன்னொருவர் அடுத்த சுற்றிலும் கிடைத்திருப்பார். கெல்ஸியை விட்டவருக்கு அப்படி ஓர் ஆறுதல் இருக்கவில்லை.

ஆகவே ‘இவர் எத்தனை புள்ளி எடுப்பார்’ என்பதோடு ‘இவரை விட்டால் யார் கிடைப்பார், அவர் எத்தனை எடுப்பார்’ என்றும் கேட்கவேண்டும். இரண்டு விடைகளுக்கும் இடையே உள்ள தூரமே வீரரின் விலை. தோட்டத்து ஆள் பிரிப்பில் இதைப் பிள்ளைகள் எழுதாமலே கடைப்பிடிக்கிறார்கள். கூடியிருப்பவர்களில் ஸ்டம்புக்குப் பின்னால் நிற்கத் தெரிந்தவன் ஒருவன் மட்டுமென்றால், அவன் துடுப்பில் சுமாரானவனாக இருந்தாலும் இரண்டாவது மூன்றாவது அழைப்பிலேயே போய்விடுவான். இரண்டு பேர் இருந்தால் எந்தத் தலைவனும் அவசரப்படமாட்டான். ஆளுக்கொருவர் எப்படியும் கிடைக்கும். ட்ரீம்11 போன்ற ஆட்டத்தில் ஒரே வீரரை எல்லோரும் எடுக்கலாம் என்பதால் பஞ்சம் வேறு உருவில் வருகிறது. ஒவ்வொரு வீரருக்கும் கிரெடிட்டில் ஒரு விலை வைத்து, நூறு கிரெடிட்டுக்குள் பதினொரு பேரை அடக்கவேண்டும் என்பது அதன் விதியாக இருந்தது. விலையுயர்ந்த கீப்பருக்காகச் செலவழிக்கும் ஒவ்வொரு கிரெடிட்டும் ஒரு பந்துவீச்சாளரிடமிருந்து பிடுங்கப்படுகிறது. ஒரு விக்கெட்டுக்கு 25 புள்ளி என்பதால் அந்த இழப்பு சிறியதல்ல.

பட்டியலில் இருக்கும் வகைப்பெயரும் களத்தில் செய்யும் வேலையும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. ஜிம்மி கிரஹாம் 2013இல் 16 டச்டவுன்கள் எடுத்த டைட் எண்ட். வரிசையை விட்டு விலகி நின்று பந்து பிடிப்பதே அவருடைய பெரும்பாலான வேலை என்பதால், தன்னை வைட் ரிசீவராகக் கருதவேண்டும் என்று 2014இல் வாதாடினார். அணி அவரை ஓராண்டுக்குத் தக்கவைக்கக் கொடுக்கவேண்டிய சம்பளம் டைட் எண்ட் என்றால் சுமார் 7 மில்லியன் டொலர், வைட் ரிசீவர் என்றால் 12 மில்லியனுக்கு மேல். மத்தியஸ்தர் அவரை டைட் எண்ட் என்றே தீர்ப்பளித்தார். அவருக்கு நஷ்டமான அதே பெயர், கற்பனை அணிக்காரர்களுக்கு இலாபமாக இருந்தது: பஞ்சமான இடத்தில் ஒரு ரிசீவரின் புள்ளிகள்.

ஐ.பி.எல்.லில் இதே நிலையில் இருந்தவர் ஜொஸ் பட்லர். 2022இல் ராஜஸ்தான் றோயல்ஸுக்கு ஆரம்ப வீரராக இறங்கி நான்கு சதங்களோடு 863 ஓட்டங்கள் குவித்தார், அந்த அணிக்குக் கையுறை அணிந்தவரோ தலைவர் சஞ்சு சாம்சன். பட்டியலில் கீப்பர், களத்தில் ஆரம்ப வீரர் என்ற இந்த இரட்டை நிலை கிடைத்தால் விடக்கூடாது. கையுறை இல்லாததால் போவது, மேலே பார்த்த ஒருநாள் கணக்கின்படி, போட்டிக்கு ஏறத்தாழப் பத்துப் புள்ளிதான். உடம்பில் மிஞ்சும் தெம்பு துடுப்புக்குப் போகிறது. ஓய்வுபெறும் வயதை நெருங்கிய கீப்பர்களைப் பார்க்கும்போது இது இன்னும் முக்கியம். முழங்காலும் விரலும் தேய்ந்தவரிடம் கையுறையை அணி எப்போது வாங்குகிறது, அதன்பின் அவரை மேலே இறக்குகிறதா கீழே இறக்குகிறதா என்று கவனிக்கவேண்டும்.

பருவம் முழுவதற்குமான தெரிவில் இவ்வளவும் போதும். ஒரே போட்டிக்கான அணியென்றால் நாணயச் சுழற்சிக்குப் பின் வரும் பதினொருவர் பட்டியலைப் பார்க்காமல் கீப்பரை உறுதி செய்யக்கூடாது. இரண்டு கீப்பர்கள் ஒரே அணியில் இருந்தால் யார் கையுறை அணிகிறார் என்பது அப்போதுதான் தெரியவரும். மழை வரும்போலிருந்தால் கணக்கு இன்னும் இறுகும். பல்லேகலவில் பின்னேரம் பெய்யும் மழையில் இருபது ஓவர் எட்டாகக் குறைந்தால், ஆறாம் ஏழாம் இலக்கத்துக் கீப்பர் துடுப்பைத் தொடாமலே போட்டி முடிந்துவிடலாம். அன்றைக்கு ஆரம்பத்தில் இறங்குகிற கீப்பர், எத்தனை கிரெடிட் கேட்டாலும், கொடுத்து வாங்கவேண்டியவர்.