சர்ஃபிங் பலகைக்கு உப்புத்தாள் போடுறது

நாத்து, களை, உரம்னு எழுதி எழுதி உங்களுக்கும் சலிச்சிருக்கும். இன்னிக்கு கொஞ்சம் கடல் பக்கம் போவோம்.

நம்ம ஊரு வண்டலூர் - கேளம்பாக்கம் ரோட்டுல இருக்கறதால, கீரைக்கட்டு ஏத்திக்கிட்டு கோவளம் வரைக்கும் போவேன். அங்க மீனவர் குப்பத்துல ஒரு தம்பி சர்ஃபிங் பலகை ரிப்பேர் பண்றான். அந்த ஊர் மீனவர் மூர்த்தி மேகவன் 2012ல சர்ஃபிங் பள்ளி ஆரம்பிச்சதும் இந்த வேலைக்கு வழி பொறந்துச்சு. கட்டுமரத்துல அலையைத் தாண்டிப் போய் வந்த சனத்துக்கு அலை என்ன புதுசா? இங்கிலீஷ்காரன் 'கேட்டமரன்'னு சொல்றதே நம்ம கட்டுமரம்தான். 2004 சுனாமிக்கு அப்புறம் ஃபைபர் படகு பெருகிச்சு. அந்தப் படகுல ஓட்டை அடைச்சுப் பழகின கைதான் இப்ப பலகைக்கு வந்திருக்கு.

தம்பி இப்ப தன் தங்கச்சிக்காக சொந்தமா ஒரு பலகை செய்றான். புதுசு வாங்க கட்டுப்படியாகாது. உள்ளே தெர்மோகோல், மேல கண்ணாடி நார்த்துணி, எபாக்ஸி பிசின். படகுக்குப் போடுற பாலியஸ்டர் பிசினை ஊத்தினா தெர்மோகோல் கரைஞ்சு போயிடுமாம்.

பிசின் நல்லா இறுகணும். இல்லன்னா உப்புத்தாள்ல பிசுபிசுன்னு அப்பிக்கும். எபாக்ஸி மேல சில சமயம் எண்ணெய் மாதிரி ஒரு படலம் நிக்கும். அதைத் தண்ணி விட்டுக் கழுவித் துடைச்சிட்டுத்தான் தாளைத் தொடணும்.

அப்புறம் பலகை பூரா பென்சிலால கிறுக்கிடறான். 80 நம்பர் தாளை ஒரு மரக்கட்டையில சுத்தி, சீரா தேய்க்கிறான். கிறுக்கல் அழிஞ்ச இடம் மேடு, அழியாத இடம் பள்ளம். நாங்க சேடை ஓட்டி பரம்படிச்சா, தண்ணி நிக்கிற இடத்தை வச்சுப் பள்ளத்தைக் கண்டுபிடிப்போமே, அதே கணக்குதான். ஆனா இங்க மேட்டை வெட்டிப் பள்ளத்தோட சமமாக்கக் கூடாது. பள்ளத்துக்குப் பிசின் ஊத்தணும். ஏன்னா பிசினுக்கு அடியில நார்த்துணி. துணியோட பின்னல் தெரிஞ்சா கையை எடுத்துடணும். துணி அறுந்தா பலகைக்கு அங்க பலம் போச்சு, தண்ணியும் உள்ள இறங்கும். அலை நடுவுல பலகை உடைஞ்சா, மேல நிக்கிறது அவன் தங்கச்சி.

ஓரத்துலதான் சீக்கிரம் அறுக்கும். அங்க கட்டையை எடுத்துட்டு ஸ்பாஞ்சை வச்சு லேசா நாலு இழுப்பு, அவ்வளவுதான். அடுத்து 120, 220. முன்னாடி போட்ட தாளோட கீறல் மறைஞ்சாத்தான் அடுத்த நம்பர். டியூப்லைட்டைப் பக்கவாட்டுல சாய்ச்சு வச்சா கீறல் பளிச்சுன்னு தெரியும். கடைசியா 400 நம்பர் வாட்டர் பேப்பர், வாளித் தண்ணியில ரெண்டு சொட்டு சோப்பு விட்டு. கால் வைக்கிற மேல்பக்கத்துக்கு இவ்வளவு மினுமினுப்பு வேணாம், வழுக்காம இருக்க எப்படியும் மெழுகு தேய்ப்பாங்க.

எல்லாம் அழகுதான், அந்தத் தூசியைத் தவிர. கண்ணாடித் தூள், பிசின் தூள். கொட்டாயை மூடிக்கிட்டு, கைக்குட்டையைக் கட்டிக்கிட்டு தேய்ச்சுக்கிட்டிருந்தான். ராத்திரியெல்லாம் இருமுறான்னு அவங்கம்மா எங்கிட்ட சொல்லி வருத்தப்பட்டாங்க.

"ஒண்ணும் ஆவாதுணா, பழகிப்போச்சு"ன்னான்.

"தம்பி, எங்க ஊர்ல மருந்து அடிக்கிறவங்களும் துண்டைக் கட்டிக்கிட்டு இதேதான் சொன்னாங்க. இன்னிக்கு அதுல ரெண்டு பேருக்கு மாடிப்படி ஏற முடியல"ன்னேன்.

அதுக்கு அவன் பதில் சொல்லல. அடுத்த தடவை போனப்ப ஃபில்டர் வச்ச மாஸ்க், முழுக்கைச் சட்டை. கொட்டாய்க்கு வெளிய, காத்துக்கு முதுகு காட்டி நின்னு தேய்ச்சுக்கிட்டிருந்தான். அந்தச் சட்டையைத் தனியா துவைக்கச் சொல்லிட்டு வந்தேன். வீட்டுத் துணியோட போட்டா எல்லாருக்கும் அரிக்கும்.

உங்க வீட்டுல யாராவது ஃபைபர் வேலை, பெயிண்ட் வேலை பார்த்தா, தயவுசெஞ்சு இந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லுங்க. பலகையில துணி அறுந்தா மேல ஒரு துண்டு ஒட்டிடலாம். நுரையீரலுக்கு ஒட்டுப் போட முடியாதுங்க.